அப்பா கல்லறைக்கு யார் சுண்ணாம்பு அடித்தது?

இயேசுவுக்கே புகழ், மரியாயே வாழ்க.

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் இல்லை என்று அம்மா முகத்தைத் தூக்கி வைத்திருப்பதாக அத்தான் சொன்னார். போனில் பேசினால் பத்தாதாம், நீ வாசித்துக் காட்டக் கடிதம்தான் வேண்டுமாம். சரி, இன்று டூட்டி இல்லை, உட்கார்ந்துவிட்டேன்.

அம்மாவிடம் முதலில் சொல், நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். அமெரிக்கா என்றால் ரொட்டிதான் என்று பயந்து வந்தேன். இந்த லூசியானா மாநிலத்து செயின்ட் மார்ட்டின்வில் பக்கத்து கேஜன் சனங்கள் (பழைய பிரெஞ்சு வம்சத்தார்) நம்மைப் போலவே சோறு இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இல்லை என்பவர்கள். நெல் அறுத்த வயலிலேயே தண்ணீர் கட்டி கிராஃபிஷ் வளர்க்கிறார்கள், பார்க்கக் குட்டி சிங்கி இறால் மாதிரி இருக்கும், தவசுகால வெள்ளிக்கிழமைகளில் அண்டா அண்டாவாக வேகவைத்து மேசையில் கொட்டித் தின்கிறார்கள் (அது ஒறுத்தலா விருந்தா என்று நம்ம பங்குச்சாமியார்தான் சொல்ல வேண்டும்). கடையில் காய்ந்த கூனி இறால் பாக்கெட்டில் கிடைக்கிறது! அதைக் கண்ட அன்று கடையிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். இவர்கள் அதைக் கம்போ என்கிற குழம்பில் போடுகிறார்கள், நான் தேங்காய் வைத்து அரைத்துவிட்டேன்.

கம்போ செய்யக் கற்றுக்கொடுத்தது பக்கத்து வீட்டுப் பாட்டி. மாவை எண்ணெயில் போட்டு உடன்குடிக் கருப்பட்டி நிறம் வரும்வரை கையெடுக்காமல் கிண்ட வேண்டும். அப்படிக் கிண்டும்போதுதான் என் புறங்கையில் தெறித்துவிட்டது. பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்து மூன்று முறை சிலுவை போட்டாள். இப்படிச் செபித்துக் குணமாக்குகிறவர்களை இங்கே த்ரெத்தர் என்பார்கள். காசு வாங்க மாட்டார்கள். நன்றியும் சொல்லக் கூடாதாம், சொன்னால் பலிக்காதாம். நர்ஸ் படித்துவிட்டு இதை நம்புகிறாயா என்று அண்ணன் சிரிப்பான், நான் வீட்டுக்கு வந்து மருந்தும் போட்டுக்கொண்டேன் என்று அவனிடம் சொல். ஆனால் ஒருவருக்கு நன்றி சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அவள் என்னை 'ஷா' என்று கூப்பிடுவாள். நாம் கண்ணு என்கிறோமே, அப்படி.

வேலை அதே முதியோர் இல்லத்தில்தான். இரண்டு டூட்டி சேர்த்துப் பார்க்கிறேன், சும்மா, வீட்டில் இருந்து என்ன செய்ய. கார் ஒரு மாதமாக ஓடாமல் நிற்கிறது, நடப்பது உடம்புக்கு நல்லதுதானே.

அங்கே 92 வயதில் ஓர் அம்மா இருக்கிறார். 1755-இல் இங்கிலீஷ்காரன் கனடாப் பக்கத்திலிருந்து விரட்டி, அலைந்து திரிந்து இந்தச் சதுப்புக்கு வந்து சேர்ந்த வம்சம். 1921-இல் பள்ளியில் இங்கிலீஷ் மட்டும்தான் என்று சட்டம் போட்டார்களாம், இந்த அம்மா பிரெஞ்சு பேசினதற்கு முழந்தாள் போட்டு நின்றவர். இப்போது பெற்ற பிள்ளைகள் பெயர் மறந்துவிட்டது, இங்கிலீஷும் போய்விட்டது. அடிவாங்கின பாஷை மட்டும் மிச்சம். போன வாரம் ராத்திரி என் கையைப் பிடித்துக்கொண்டு செபமாலை சொல்ல ஆரம்பித்தார், எனக்கு மறுமொழி தெரியாது, வாயில் வந்தது அம்மாச்சி சொல்லும் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே"தான். 'அருள் நிறைந்த மரியே' என்கிற நம்ம புது மந்திரம்கூட வரவில்லை பார். ஐம்பத்து மூன்று மணியும் முடித்தோம். அப்புறம் நான் குளியலறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். இதை அம்மாவுக்கு வாசிக்காதே.

நவம்பர் 1-க்கு முந்தின நாள் பாட்டியோடு கல்லறைக்குப் போய் அவள் வீட்டுக்காரர் கல்லறைக்கு வெள்ளை அடித்தேன். தாழ்ந்த பூமி என்பதால் இங்கே பல கல்லறைகளைத் தரைக்கு மேலேயே கட்டியிருக்கிறார்கள். செவ்வந்திப்பூ வைத்தோம், சாமியார் மந்திரித்தார். கையெல்லாம் சுண்ணாம்பு. அந்த வாசனை நம்ம மணப்பாட்டு வாசனை, அக்கா, கடல் காற்று ஒன்றுதான் இல்லை. அப்பா கல்லறைக்கு இந்த வருஷம் யார் அடித்தது? மெழுகுதிரி காற்றில் அணைந்துவிடும், ஓட்டாஞ்சில்லு மறைத்து வை என்று போன வருஷமே சொன்னேன், வைத்தாயா?

சிலுவையின் கை உடைந்திருப்பதாக எழுதியிருந்தாய். கொத்தனாரிடம் விலை கேட்டு எழுது, ஜனவரியில் அனுப்புகிறேன், இந்த மாதம் வேண்டாம். சின்னவளின் புதுநன்மை கவுனுக்கு நான்தான் ஞானத்தாய், வேறு யாரும் வாங்கக் கூடாது, அளவு மட்டும் அனுப்பு. பனங்காட்டை விற்கலாம் என்று அண்ணன் சொன்னால் அம்மா கையெழுத்துப் போட வேண்டாம், நான் வரும்வரை பொறுக்கச் சொல். பட்டா உன் டிரங்குப் பெட்டியில்தானே இருக்கிறது? சாவியை அத்தானிடம் கொடுக்காதே, தொலைத்துவிடுவார்.

அன்புத் தங்கை

பி.கு. வீட்டு வரி ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பு. தெளிவாக எடு, போன தடவை உன் கட்டைவிரல்தான் தெரிந்தது.