பழைய கேரவனுக்கு என்ன வாங்கலாம்: சேகருக்கு ஒரு கடிதம்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. கோத்தகிரி எஸ்டேட்டில் நின்றிருந்த அந்த அமெரிக்க கேரவன் டிரெய்லரை நீ வாங்கியே விட்டாய் என்று மாலாவிடம் சொன்னேன். "அண்ணன் நினைத்ததை முடித்துவிட்டாரே" என்று அவளுக்கும் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உன்னை விசாரித்தார்.

சரி, உன் பட்டியலுக்கு வருகிறேன். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நீ குறித்திருப்பதில் பாதிக்கு மேல் வேண்டாம் என்பேன். சேலத்தில் நடுவழியில் கெட்டுப்போனால் சேலத்திலேயே கிடைக்கிற சாமான்தான் உனக்கு நல்ல சாமான். கம்பெனிப் பெயர் அப்புறம்.

சக்கர பேரிங்கையே எடுத்துக்கொள். கழற்றித் துடைத்தால் வளையத்தின் முகத்திலேயே எண் இருக்கும். 3,500 பவுண்டு, அதாவது சுமார் 1,590 கிலோ தாங்கும் அச்சு என்றால் பெரும்பாலும் உள்பக்கம் எல் 68149, வெளிப்பக்கம் எல் 44649. உலகம் முழுக்க இதே எண்தான். ஜே.சி. ரோட்டில் பேரிங் கடைக்காரரிடம் எண்ணைச் சொன்னால் போதும், அது எந்த ஊர் வண்டி என்று அவர் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. உருளைகள் கோத்த உள்வளையமான கோனை மட்டும் மாற்றி, சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பில் பழைய வெளிவளையத்தை, அதாவது கப்பை, விட்டுவிடாதே. இரண்டும் ஜோடியாகத்தான் மாற வேண்டும். ஆயில் சீலையும் புதிதாகப் போடு.

டயரில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் மேடு, அப்படியே இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். நின்றே கிடந்த வண்டிக்குப் பட்டனை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. வெயிலில் ரப்பர் இறுகி, பக்கவாட்டில் வெடித்திருக்கும். பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியில் கடைசி நான்கு இலக்கத்தைப் பார். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. அவ்வளவு பழையதாக இருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிடு. புதிது வாங்கும்போது அளவு ஒன்றாக இருக்கிறதே என்று சாதாரண கார் டயரைப் போடாதே. சின்ன சரக்கு வேன்களுக்கு வரும் டயரில் உன் ரிம்முக்கும் சுமைக்கும் பொருந்துவதைத் தேடு.

வண்டியோடு இணைக்கும் இடம்தான் எனக்குப் பயம். டிரெய்லரின் முன்முனையில் இருக்கும் பூட்டுக் கிண்ணமான அமெரிக்க கப்ளர் 2 அங்குலமாக இருக்கும், அதாவது 50.8 மில்லிமீட்டர். அது உட்காரும், உன் பொலிரோவின் பின்னால் மாட்டியிருக்கும் இரும்புக் குண்டு (பால்) 50 மில்லிமீட்டர் என்கிறாய். பூட்டும்போது சரியாக உட்கார்ந்த மாதிரியே தெரியும். ஆனால் அந்த 0.8 மில்லிமீட்டர் இடைவெளியில் ஆடி ஆடித் தேயும். குழியில் தூக்கிப் போட்டால் கழன்றுவிடவும் கூடும். கப்ளரிலும் குண்டிலும் அளவு பொறித்திருக்கும். இரண்டும் ஒன்றாக இல்லாமல் சாலையில் இறங்காதே.

பின்விளக்குக்கு ஒரிஜினல் தேடாதே. அமெரிக்காவில் பல டிரெய்லர்களில் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே சிவப்பு விளக்கு. நம் வண்டிகளில் இண்டிகேட்டர் மஞ்சளாகத் தனியே எரியும், ஒயரும் தனி. எனவே இங்கே கிடைக்கும் லாரி டெயில் லேம்ப் செட்டே மேல். விலையும் குறைவு, உடைந்தால் எந்த ஊரிலும் மாற்றலாம். பக்கவாட்டில் விரிக்கிற நிழல் கூரையை, அதுதான் ஆனிங்கை, இப்போதைக்கு விடு. அந்த வண்டிக்குக் கதவு வலப்பக்கம், ஆனிங்கும் அதே பக்கம். இடப்பக்கம் ஓட்டும் நம் ஊரில் ஓரமாக நிறுத்தினால் இரண்டும் நடுரோட்டைப் பார்த்துத் திறக்கும். பிள்ளைகளை இறக்கும்போது இதை மறந்துவிடாதே.

ஏ.சி., மைக்ரோவேவ் எல்லாம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் 230 வோல்ட் பிளக்கில் செருகினால் போய்விடும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்டேஜைக் குறைக்கலாம், ஹெர்ட்ஸை அது மாற்றாது. கழற்றிவிட்டு இங்கத்திய சாமானையே வை. 12 வோல்ட் விளக்கும் தண்ணீர்ப் பம்ப்பும் நல்ல நிலையில் இருந்தால் அப்படியே ஓடட்டும். கேஸ் டியூப்பும் ரெகுலேட்டரும் மட்டும் எப்படி இருந்தாலும் புதிது.

கூரை ஒழுகிய படத்தைப் பார்த்து மனசு கஷ்டமாகிவிட்டது. தயவுசெய்து சிலிக்கான் பூசச் சொல்லாதே. பிறகு அதன்மேல் எந்தப் பசையும், ஏன் புது சிலிக்கானே கூட, ஒழுங்காக ஒட்டாது. பழையதைச் சுரண்டி எடுத்து, விளிம்புகளுக்கு அடியில் பியூட்டைல் டேப் என்ற ஒட்டும் ரப்பர் நாடாவை வைத்து மறுபடி ஸ்க்ரூ போடுவதுதான் சரியான வேலை. கூரை ரப்பர் ஷீட்டா, ஃபைபரா, அலுமினியமா என்று பார்த்து எழுது. மேலே பூசும் சீலன்ட், அதாவது ஒழுகலை அடைக்கும் பசை, அதைப் பொறுத்தது. ரப்பராக இருந்தால் பெட்ரோல், தின்னர் எதையும் வைத்துத் துடைக்கவே கூடாது.

சனிக்கிழமை ஜே.சி. ரோட்டுக்குப் போவேன். அதற்குள் கப்ளர் மேல் இருக்கும் எழுத்தையும் அச்சில் ஒட்டியிருக்கும் தகட்டையும் படம் எடுத்து அனுப்பு. அப்படியே சக்கரத்தின் பின்பக்கம் குனிந்து பார். இரண்டு ஒயர் வெளியே வந்தால் மின்சார பிரேக் என்று அர்த்தம். அதை இயக்க உன் பொலிரோவுக்குள் ஒரு கன்ட்ரோலர் மாட்ட வேண்டும். முதல் பயணம் ஏலகிரிக்கு என்று எழுதியிருக்கிறாய். அங்கே 14 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. பிரேக் சரியாகும் வரை மலைப்பக்கம் போகாதே, சமதளத்தில் ஏதாவது ஏரிக்கரையோடு நிறுத்திக்கொள்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
ரவி