மருந்தின் பெயரை நோயாளிக்கும் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் குடும்ப வைத்தியரின் கிளினிக்கில் கணினி வந்தது பெரிய உதவி. பெயரைச் சொன்னதும் அம்மாவின் பழைய பிரஷர், சீனி அளவெல்லாம் திரையில் வந்துவிடும். ஆனால் அம்மாவின் கைக்கு வருவது கடதாசி உறைதான். 'காலை 1, இரவு 1' என்று பேனையால் எழுதியிருக்கும், மருந்தின் பெயர் இராது. அண்மையில் ஓர் இரவு அவ மயங்கி விழ, ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது "என்ன குளிசை போடுறவ?" என்றுதான். சீனி வருத்தத்துக்கான மெட்போமினா, கிளிக்ளசைட்டா? இரண்டாவது சீனியை ஆபத்தாக இறக்கக்கூடியது. விபரம் முழுவதும் பூட்டிய கிளினிக்குக்குள்!

பெயரையும் அளவையும் அச்சிட்டுத் தாருங்கள், அல்லது நோயாளியின் வட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவல் கூடுதல் பாதுகாப்புக்குரிய விசேட வகை என்பதால், தொலைபேசி இலக்கத்தைச் சரிபார்த்தே அனுப்பவேண்டும். மூதூர், குச்சவெளி போன்ற தூர இடங்களிலிருந்து வருபவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

வாசகி,
திருகோணமலை