விஷம் வைக்காத கைகளுக்கு நன்றி

மாயாற்றுப் படுகையில் மாடு வளர்ப்போருக்கும், கால்நடை மருத்துவர்களுக்கும், மருந்துக் கடைக்காரர்களுக்கும், வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கும் வணக்கம்.

இந்தச் சித்திரையில், ஆற்றோரத்து நீர்மருத மரம் ஒன்றின் உச்சிக் கூட்டிலிருந்து வெண்முதுகுப் பாறுக் குஞ்சு ஒன்று பறந்து போனதை எங்கள் சிறு குழு தொலைநோக்கியில் கண்டது. ஒரு குஞ்சுக்கா இவ்வளவு பெரிய மடல் என்று சிரிக்க வேண்டாம். ஆண்டுக்கு ஒரே முட்டை இடும் பறவை அது. இந்தக் குஞ்சு இணை சேரவே இன்னும் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும்.

பிணந்தின்னிக் கழுகு என்று நாம் முகஞ்சுளித்துச் சொல்லும் இந்தப் பாறுகளில் மூன்று இனங்கள், 1990களிலிருந்து இந்தியாவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்துபோயின. மாட்டின் வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக் ஊசியே காரணம் என்பது 2004இல் தெளிவானது. ஊசி போட்ட ஓரிரு நாளில் மாடு இறந்துவிட்டால், மருந்து தங்கிய அந்த இறைச்சியைத் தின்ற பாறுவின் சிறுநீரகம் செயலிழந்து, ஈரலின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்து, கழுத்தைத் தொங்கப் போட்டபடியே அது கிளையிலிருந்து விழுந்து சாகும். 2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கும், 2023இல் பாறுகளை அதேபோல் கொல்லும் வலிமருந்துகளான அசிக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென் ஆகியவையும் தடை செய்யப்பட்டன. ஆனால் அரசிதழில் வரும் தடை தொழுவம் வரை தானாக நடந்து வருவதில்லை. கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பி வியாபாரத்தை இழந்த கடைக்காரர்களும், பாறுகளுக்குக் கேடு செய்யாத வலிமருந்தான மெலாக்சிகாம் போதும் என்று பொறுமையாக விளக்கிய மருத்துவர்களும், மடிநோய்க்கு ஊசி தேடாமல் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு சேர்த்து அரைத்துப் பூசிய பெண்களுமே அதை அங்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய கடன் ஒன்று இருக்கிறது. சிறுத்தை அடித்த கன்றின் மேல் ஆத்திரத்தில் விஷம் தூவினால், சிறுத்தை வருகிறதோ இல்லையோ, பாறுகள் கூட்டமாக இறங்கிக் கூட்டமாகவே மடியும். சென்ற மாசியில் ஒரு மூதாட்டி, தம் கன்றின் கழுத்து மணியை மட்டும் கழற்றி மடியில் முடிந்துகொண்டு, விஷம் வாங்கி வந்திருந்த மகனிடம், “அதைத் தூரப் போட்டுட்டு வாடா, இழப்பீடு கேட்டு மனு எழுதலாம்” என்றார். மறுநாள் முற்பகலில் இருபதுக்கும் மேற்பட்ட பாறுகள் அங்கே இறங்கி, எலும்பை மட்டும் விட்டுச் சென்றன. அவற்றில் ஒன்றுகூட விழவில்லை. அந்த அம்மாவுக்கு நாங்கள் என்ன கைம்மாறு செய்ய முடியும்?

ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டும். முதல் கூட்டத்தில் நாங்கள் படம் காட்டிப் பேசிக்கொண்டே போனபோது, “எங்க மாடு செத்தா பாறு வந்து பால் கறக்குமா?” என்று கேட்டீர்கள். அதற்குப் பிறகுதான் உங்கள் மாடுகளைப் பற்றியும் பேசக் கற்றோம். கூட்டுக்கு மிக அருகில் நாங்கள் அமர்ந்திருந்த அன்று, சத்தம் போடாமல் கையசைத்தே எங்களை விரட்டிய காவலருக்கும் தனியாக ஒரு நன்றி.

ஐப்பசியில் பாறுகள் சுள்ளி பொறுக்கத் தொடங்கும்போது மீண்டும் வருகிறோம். சோறு சமைத்துக் காத்திருக்க வேண்டாம், மோர் போதும்.