ஞாயிறு பறவை நடைக்காரர்களுக்கு, கண்டக்டர் ஐயாவின் மகள் எழுதுவது

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். போன் ஓயாமல் அடிக்கிறது, எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல முடியவில்லை. நேற்று இரவு ரசம் சாதம் சாப்பிட்டார். உப்பு பத்தவில்லை என்று கோபித்துக்கொண்டார். பழையபடி ஆகிவிட்டார் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பறவைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது, ரேடியல் சாலை ஓரத்தில் அன்று காலை அப்பா மயங்கி விழுந்ததை நீங்கள் எல்லோரும் நேரில் பார்த்தீர்கள். அதை நான் திரும்ப எழுத வேண்டியதில்லை, எழுதக் கையும் வரவில்லை. அவரைத் தாங்கிப் பிடித்த இருவருக்கும், "சுகர் இருக்கா, காலையில என்ன சாப்பிட்டார்" என்று நிதானமாகக் கேட்டு ஆக வேண்டியதைச் செய்த அக்காவுக்கும், நடுச்சாலையில் நின்று லாரிகளை ஒதுக்கிவிட்டவர்களுக்கும், காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்த ஆட்டோ அண்ணனுக்கும், என் மகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் மதியச் சாப்பாடும் போட்டு அனுப்பிய அம்மாவுக்கும் சேர்த்து ஒரே கும்பிடு. யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் நான் முகங்களைப் பார்க்கவில்லை.

ஆனால் ஒருவனுக்கு மட்டும் கொஞ்சம் நீளமாக நன்றி சொல்லியாக வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அந்தத் தம்பிக்கு. பெயர் போட வேண்டாம் என்று அவன் அம்மா கேட்டுக்கொண்டார். நீங்கள் அவனைத் தினமும் பார்ப்பவர்கள், கண்டுபிடித்துவிடுவீர்கள்.

அப்பாவின் நீள நோட்டு உங்களுக்குத் தெரியும். மாநகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர், எதையும் எண்ணாமல் அவரால் இருக்க முடியாது. நாம் நின்று பார்க்கும் ஒவ்வொரு இடத்தையும் 'ஸ்டேஜ்' என்றுதான் எழுதுவார். ஸ்டேஜ் 1, நாமக்கோழி இத்தனை. ஸ்டேஜ் 2, நீலத் தாழைக்கோழி இத்தனை, ஏறியது இத்தனை, இறங்கியது இத்தனை. பறந்து வந்தால் ஏறியது, பறந்து போனால் இறங்கியது. நம்மில் பாதிப் பேர் போனில், பறவைப் பட்டியலைப் பதியும் ஈபேர்ட் செயலியில் தட்டிக்கொண்டிருக்கும்போது அவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு நிற்பார். அவருடைய எண்ணிக்கையைக் கேட்டுத் தங்கள் கணக்கைத் திருத்திக்கொள்பவர்கள் உங்களிலேயே உண்டு என்று அவர் பெருமையாகச் சொல்வார். உண்மையா என்று நான் விசாரித்ததில்லை.

அன்று அவர் கையிலிருந்து விழுந்த நோட்டை அந்தத் தம்பி எடுத்துவைத்திருக்கிறான். அதோடு விட்டிருந்தாலே போதும், நான் நன்றி சொல்லியிருப்பேன். அவன் அதோடு விடவில்லை. ஆட்டோ கிளம்பிப் போன பிறகு, நடையைத் தொடரலாமா வேண்டாமா என்று எல்லோரும் திகைத்து நின்றிருக்கிறீர்கள். அவன், "தாத்தா லிஸ்ட் பாதில நிக்குது" என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்திருக்கிறான்.

மாலையில் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். ஆரஞ்சுப் பழம், ஹார்லிக்ஸ் பாட்டில் எல்லாம் அவன் அம்மா கையில் இருந்தன. அவன் கையில் நோட்டு மட்டும். கட்டில் அருகே நீட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றான்.

அப்பா விழுந்தபோது "புள்ளிமூ" என்று எழுதியிருந்தார். அங்கே பேனா இழுத்துக்கொண்டு போன ஒரு கோடு. அதற்கு மேலேயே, வேறு கையெழுத்தில், "க்கு வாத்து – 14". எப்படி 14 என்று தெரிந்தது என்று கேட்டேன். "தாத்தா எழுதறதுக்கு முன்னாடி வாயால எண்ணினாரு ஆன்ட்டி, நான் பக்கத்துல நின்னேன்" என்றான். அதற்குக் கீழே ஸ்டேஜ் 3, ஸ்டேஜ் 4, ஸ்டேஜ் 5. நெடுங்கால் உள்ளான், கருவால் மூக்கன், தட்டைவாயன், ஊசிவால் வாத்து, முக்குளிப்பான். பூநாரைகள் தூரத்தில் என்பதால் "சுமார்" என்று போட்டிருந்தான். ஸ்டேஜ் 4 இல் சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வாத்துகளையெல்லாம் கிளப்பிவிட்டதால் முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. ஏறியது, இறங்கியது என்ற பத்திகளையும் விடாமல் நிரப்பியிருந்தான். அப்பா விழுந்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இதில் என்ன பெரிய விஷயம் என்று வெளி ஆட்கள் கேட்கலாம். பட்டியலை முழுதாக எழுத வேண்டும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்ததே இந்த நடைதானே. பார்த்து அடையாளம் கண்டதையெல்லாம் போட்டாயிற்றா என்று ஈபேர்ட் கடைசியில் கேட்கும். ஆம் என்று சொன்னால்தான், பட்டியலில் வராத பறவை அன்று கண்ணில் படவில்லை என்று எடுத்துக்கொள்ள முடியும். அரைகுறைப் பட்டியலுக்கு அந்த மதிப்பு கிடையாது. அப்பா இதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டவர். கண் விழித்துக் கொஞ்சம் தெளிந்ததும் அவர் என்னிடம் கேட்டது மகளை இல்லை, பேத்தியை இல்லை. "நோட்டு எங்கே?" என்றுதான். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. அது தெரியாமலே அந்தப் பையன் அதைக் கொண்டுவந்து நின்றான்.

கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். ஸ்டேஜ் 5 க்கு வந்ததும் நிறுத்தி, "இது பச்சைக்கால் உள்ளான் இல்ல தம்பி, சதுப்புமண் உள்ளானா இருக்கும்" என்றார். பையன் விடவில்லை. "அலகு தடியா, லேசா மேல வளைஞ்சு இருந்துச்சு தாத்தா. சதுப்புமண் உள்ளானுக்கு ஊசி மாதிரி நேரா இருக்கும்." "அவ்வளவு தூரத்துல வளைவு தெரிஞ்சுதா உனக்கு?" "ஸ்கோப்புல பார்த்தேன்." நர்ஸ் வந்து சத்தம் போடாதீர்கள் என்று சொல்லும்வரை இது ஓடியது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அதுவரை எல்லோரும் அவரிடம் குழந்தையிடம் பேசுவதுபோல் பேசிக்கொண்டிருந்தோம். அவரோடு சண்டை போட்ட முதல் ஆள் அவன்தான்.

அப்பா இந்த நடைக்கு முதலில் வந்த கதையும் இந்த இடத்தில் ஞாபகம் வருகிறது. இலவசம் என்றதும் அவருக்குச் சந்தேகம். "சும்மா கூட்டிட்டுப் போறாங்கன்னா கடைசியில ஏதாவது விப்பாங்க" என்றார். பிளாட் விற்பார்கள் என்றே நினைத்திருந்தார், பள்ளிக்கரணையில் அது நியாயமான பயம்தான். யாரும் எதுவும் விற்கவில்லை. பைனாகுலரையும் இரவல் கொடுத்து, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த நடைக்கு அவர் என்னை எழுப்பினார். இந்தச் சதுப்பை ஒட்டிய வேளச்சேரி – தாம்பரம் சாலையில் வேலைக்காலம் முழுக்க வண்டியில் போய் வந்தவர். பெருங்குடிக் குப்பைமேட்டுப் புகை வந்தால் பயணிகள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பார். இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் பாடம் எடுக்கிறார். ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் இருந்த சதுப்பு நிலம், தென்சென்னை ஏரிகளின் மழைநீரெல்லாம் இங்கே வந்து தேங்கி ஒக்கியம் மடுவு வழியாகத்தான் கடலை நோக்கிப் போகிறது, 2007 இல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தார்கள், 2022 இல் 1,247 ஹெக்டேருக்கு, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. எண்கள் என்றால் அவருக்கு மறக்காது. காஸ் சிலிண்டர் போட வந்த தம்பியைக்கூட விட்டுவைக்கவில்லை.

இதையெல்லாம் அவருக்குக் கொடுத்தவர்கள் நீங்கள். வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, தூங்கக் கிடைக்கும் ஒரே காலையில் ஸ்கோப்பைத் தோளில் சுமந்துகொண்டு சாலையோரம் வந்து நிற்கிறீர்கள். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு என்றால் விடுமுறையும் போச்சு. "எங்களுக்குப் பிடிச்சிருக்கு, செய்யறோம்" என்று நீங்கள் சொல்வதை நான் முழுதாக நம்பவில்லை. பிடித்திருந்தால் தனியாகப் போய்ப் பார்க்கலாமே. பாம்புத்தாராவுக்கும் நீர்க்காகத்துக்கும் வித்தியாசம் கேட்டு நச்சரிக்கும் எங்களையும் எதற்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும்?

சரி, நான் செய்யக்கூடியதற்கு வருகிறேன். அப்பாவை வெயிலில் ரொம்ப நேரம் நிற்கவிட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போகவே கூடாது என்று சொல்லவில்லை, நான் இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டேன். மடக்கு ஸ்டூல் வாங்கியாயிற்று. இனி வெறும் வயிற்றில் அவரை வீட்டு வாசல் தாண்டவிட மாட்டேன், பையில் குளுக்கோஸும் இருக்கும். கூட நானும் வருகிறேன், மகளுக்குத் துணையாக இல்லாமல் எண்ணுகிற ஆளாகவே.

அப்புறம், இரவல் கொடுக்கும் பைனாகுலர்களில் பலவற்றின் வார் பிய்ந்து, நூல் போட்டுக் கட்டியிருப்பதைக் கவனித்திருக்கிறேன். என்னிடம் தையல் மிஷின் இருக்கிறது, தடித்த நாடாவும் வாங்கி வைத்துவிட்டேன். அடுத்த நடைக்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எங்கள் வீட்டில் கொடுத்துவிடுங்கள், தைத்துத் தருகிறேன். கொடுக்க வருகிறவர்கள் கொஞ்சம் நேரம் ஒதுக்கிக்கொண்டு வாருங்கள். சதுப்புமண் உள்ளானின் அலகைப் பற்றி அப்பா பேசாமல் விடமாட்டார்.