பைகேம் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

பைத்தான் மொழியில் விளையாட்டு எழுத உதவும் பைகேமில் முதல் விளையாட்டை எழுதும் மாணவர்களோடு லேபில் உட்காருகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். படத்தை லோடு செய்யும் அந்த ஒற்றை வரியை நாம் சரியாகச் சொல்லித்தருவதில்லை.

சென்ற பருவத்தில் ஒரு மாணவி, வீட்டு லேப்டாப்பில் நன்றாக ஓடிய விளையாட்டை பென் டிரைவில் கொண்டுவந்தாள். லேப் கணினியில் கருப்பு ஜன்னல் தோன்றி உடனே மறைந்தது. படத்தின் பாதையை சி டிரைவில் தொடங்கி, வீட்டுக் கணினியின் பயனர் பெயரோடு முழுதாக எழுதியிருந்தாள். லேப் கணினியில் அந்தப் பெயரில் ஃபோல்டரே கிடையாது. அவளோ தவறு தன் லாஜிக்கில் என்று நினைத்து, ஒழுங்காக வேலை செய்த குதிக்கும் பகுதியை அழித்துவிட்டாள். அதுதான் இன்னும் என் மனதை உறுத்துகிறது.

'ரிலேட்டிவ் பாத் போடு', அதாவது டிரைவில் தொடங்கும் முழுப் பாதை வேண்டாம், ஒரு ஃபோல்டரிலிருந்து தொடங்கும் பாதை போதும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எங்கிருந்து ரிலேட்டிவ்? நிரல் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து என்றுதான் மாணவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில், எந்த ஃபோல்டரில் நின்றுகொண்டு நிரலை ஓட்டுகிறோமோ அங்கிருந்துதான் தேடல் தொடங்கும். பைத்தானோடு வரும் ஐடில் எடிட்டரில் எஃப்5 அழுத்தினால் இரண்டும் ஒன்றாகவே அமைந்துவிடும். அதே கோப்பை, விஎஸ் கோட் எடிட்டரில், நிரல் ஃபோல்டருக்கு வெளியே உள்ள ஃபோல்டரைத் திறந்து, டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னலில்) ஓட்டினால் படம் கிடைக்காது. எந்த ஃபோல்டரில் தேடியது என்பதை பைகேம் 2 பிழைச் செய்தியிலேயே சொல்கிறது. அதை மாணவர்களோடு சேர்ந்து ஒருமுறை வாசியுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

தீர்வுக்கு இரண்டு வரி போதும். கோப்புப் பாதைகளைக் கையாளும் பாத்லிப், பைத்தான் 3.4 முதல் கூடவே வருகிறது. முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு கொண்ட 'ஃபைல்' மாறியிலிருந்து நிரல் இருக்கும் ஃபோல்டரை எடுத்து, அதோடு படக் கோப்பின் பெயரைச் சேர்த்துவிட்டால், எங்கிருந்து ஓட்டினாலும் படம் வரும்.

அப்புறம், கோப்புப் பெயர்கள். விண்டோஸ் பொதுவாகக் கேப்பிட்டல், ஸ்மால் வித்தியாசம் பார்க்காது, லினக்ஸ் பார்க்கும். எல்லாவற்றையும் ஸ்மால் எழுத்திலேயே வைக்கப் பழக்குங்கள். பாதையில் பின்சாய்வுக்கோடும் (\) வேண்டாம்: அதை அடுத்து ஸ்மால் 'என்' வந்தால் பைத்தான் அதைப் புதுவரியாக எடுத்துக்கொள்ளும். முன்சாய்வுக்கோடு (/) விண்டோஸிலும் செல்லும்.

ஒரு வேண்டுகோள். புராஜெக்ட் ஃபோல்டரை வேறொரு கணினிக்கு நகலெடுத்து, வேறு இடத்திலிருந்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். டெமோ நாள் வரை காத்திருக்க வேண்டாம். முதல் படம் திரையில் வந்த அன்றே செய்யட்டும்.

அன்புடன்,
லேபில் உங்களோடு நிற்கும் ஒருவன்