சரிவைத் தேய்க்கும் முன் துப்பாக்கியின் மேகசினைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய .32 பிஸ்டல்களில் தோட்டா சிக்குவது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, சேம்பர் (சுடும்போது தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதி) வாயிலுக்கு முன்னுள்ள சரிவை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கச் சொல்கிறது. எடுத்த எடுப்பில் அதைச் செய்யக் கூடாது. தேய்ப்பு சேம்பருக்குள் நீண்டுவிட்டால், பித்தளைக் கூட்டின் அடிப்பாகம் அந்த இடத்தில் தாங்கலின்றி நிற்கும். சுடும்போது புடைக்கும், பிளக்கவும் செய்யும்.

தோட்டா எங்கே நின்றது என்பதை முதலில் பார்க்க வேண்டும். குண்டின் மூக்கு சரிவின் அடியில் முட்டி நின்றால் கோளாறு பெரும்பாலும் தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டியான மேகசினில்தான். முதல் தோட்டாக்கள் ஒழுங்காக ஏறி, கடைசி இரண்டு மட்டும் சிக்கினால், தோட்டாக்களை மேலே தள்ளும் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. விரிந்து நிற்கும்போதுதான் அதன் வலு மிகக் குறைவு. மேகசினைப் பிடிக்கும் கொக்கி தேய்ந்து, மேகசின் ஒரு மில்லிமீட்டர் இறங்கி உட்கார்ந்தாலும் இதே கதைதான். தேர்தலுக்குத் தேர்தல் ஒப்படைக்கப்பட்டு மாதக்கணக்கில் கிடக்கும் துப்பாக்கியில், நம் கடற்கரைக் காற்றுக்கு மேகசினின் உட்சுவர் துருப்பிடிக்கும், எண்ணெய் பிசினாகும். கழற்றித் துடைத்து உலர்த்தினாலே பாதி புகார்கள் தீரும்.

கையால் அடைத்த தோட்டா பற்றிய பகுதிதான் கவலை தருகிறது. மொத்த நீளம் 23 மி.மீ. போதும் என்று அதில் உள்ளது. இந்தப் பிஸ்டல்களுக்கான .32 ஏ.சி.பி. வகைத் தோட்டாவின் உச்ச நீளம் 25 மி.மீ.; பழைய பிஸ்டல்கள் அதையொட்டிய நீளத்துக்கும் உருண்டை மூக்குக்கும் செய்யப்பட்டவை. கூட்டின் அடி விட்டம் 8.56 மி.மீ., அதன் பின்விளிம்பான ரிம் 9.1 மி.மீ. அதாவது ரிம் சற்றே துருத்தி நிற்கும். மேகசினில் மேல் தோட்டாவின் ரிம், கீழ்த் தோட்டாவின் ரிம்முக்கு முன்னால் இருந்தாக வேண்டும். குட்டைத் தோட்டாவுக்கு முன்னும் பின்னும் ஆட இடம் கிடைப்பதால், சுடும் அதிர்வில் மேல் ரிம் பின்னால் நழுவிப் பூட்டிக்கொள்கிறது. பிறகு துப்பாக்கியின் மேலே முன்பின் நகரும் பாகமான ஸ்லைடை எத்தனை முறை இழுத்தாலும் பயனில்லை. மேகசினைக் கழற்றித்தான் சரிசெய்ய வேண்டும். போதாததற்கு, இவ்வளவு சிறிய கூட்டில் குண்டை ஆழமாக இறக்கினால் அழுத்தமும் ஏறும். குழிமூக்குக் குண்டுகளில் நீளம் இயல்பாகவே குறையும் என்பதால் பழைய துப்பாக்கிக்கு அவை வேண்டாம்.

ஸ்லைடு மூடப் போய் ஓரிரு மில்லிமீட்டரில் நின்றால் வேறு காரணம்: முன்பு சுட்டதில் உப்பிய கூட்டை முழுதாகப் பழைய அளவுக்குக் கொண்டுவரவில்லை, அல்லது குண்டு இறக்க விரித்த வாயை மீண்டும் நெருக்கவில்லை. வாய் விட்டம் 8.55 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. குழலைத் தனியே கழற்றித் தோட்டாவை சேம்பரில் போட்டால் தன் எடையிலேயே இறங்கி, கவிழ்த்தால் தானே விழ வேண்டும். வால்தர் பி.பி. என்ற பிஸ்டலில் குழல் சட்டத்தோடு பொருத்தப்பட்டது, இப்படிக் கழற்ற முடியாது. அதற்கு, தோட்டாவைப் போட்டு அளவு பார்க்கும் அளவுக்கூடு தேவை. ஏற்றிப் பார்க்கும் சோதனையை வெடிமருந்தும், அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத டம்மி தோட்டாவில் மட்டுமே செய்ய வேண்டும்.

மருந்து குறைந்தால் ஸ்லைடு முழுதாகப் பின்வாங்காமல் அடுத்த தோட்டாவைத் தொடாது. கூடினாலும் சிக்கும்: மேகசின் அடுத்ததை மேலே தள்ளுமுன் ஸ்லைடு அதைத் தாண்டி ஓடிவிடும். இந்தச் சிக்கலை மருந்துக் குறைவு என்று எண்ணி மேலும் கூட்டுவது விபரீதம்.

இவை அனைத்தும் வெளிநாட்டில் சட்டப்படி தோட்டா அடைக்கும் நம்மவர்களுக்கு. இங்கே, 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது மட்டுமல்ல, துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதும் குற்றம். அம்பத்தூர் லேத் பட்டறையில் கொடுத்துச் சரிவைத் தேய்த்து வாங்குவதும் இதில் அடங்கும். கட்டுரை இதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. 23 மி.மீ. என்ற அளவுக்காவது உடனே திருத்தம் வெளியிடக் கோருகிறேன்.

– ஒரு வாசகர், திருவல்லிக்கேணி, சென்னை