அப்பத்தாவுக்குப் பிடித்த கார்

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை மதியம்

அன்புள்ள தம்பி,

காரைப் பற்றி நீ போனில் கேட்டபோதெல்லாம் "லேசா உரசிருச்சுப்பா, சரி பண்ணக் கொடுத்திருக்கு" என்று சொல்லிச் சமாளித்தேன். நேற்று அப்பா உளறிவிட்டார். அரைமணி நேரம் எனக்குத் திட்டு. "காரை வித்துருங்க, டிரைவரை வைங்க, பணம் நான் அனுப்புறேன்" என்று நீ சொல்லி முடிப்பதற்குள், இங்கே என் போனில் ஐம்பதாயிரம் வந்து விழுந்த சத்தம் கேட்டது. உன் வேகத்துக்கு ஈடுகொடுத்து என்னால் போனில் பேச முடியாது. தபால் ஆபீஸில் 34 வருஷம் இருந்தவள், எழுதினால்தான் எனக்குப் பேச்சு ஒழுங்காக வரும். எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பொறுமையாகப் படி.

ஆவணி முதல் வாரம், ஒரு புதன்கிழமை. அப்பாவின் முழங்காலுக்குப் பிசியோதெரபி, அண்ணா நகருக்குப் போகிறோம். காளவாசல் மேம்பாலத்துக்குக் கீழே சிக்னலில் நிற்கிறேன். முன்னால் டவுன் பஸ். பின்னால் பரவை மார்க்கெட்டிலிருந்து வெங்காய மூட்டை ஏற்றி வந்த குட்டியானை வண்டி ஒன்று. பிரேக் பிடித்திருக்கிறான், வண்டி நிற்கவில்லை. அவன் அடித்த அடியில் நம் வண்டி நகர்ந்துபோய் பஸ்ஸின் முதுகில் முட்டியது. பஸ்ஸுக்கு ஒரு கீறல்கூட இல்லை. நமக்கு முன்னும் பின்னும் பம்பர், டிக்கிக் கதவு, பானெட், இடது பக்க ஹெட்லைட் எல்லாம் போச்சு. எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. பெல்ட் போடச் சொல்லி அன்று காலையிலும் அப்பாவோடு சண்டை போட்டுத்தான் கிளம்பினேன். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

ஓட்டிவந்த பையனுக்கு உன் அத்தை மகன் வயசுதான் இருக்கும். இறங்கி வந்தவன் என்னைப் பார்த்ததும் கும்பிட்ட கையோடு நின்றுவிட்டான். ரோட்டில் உருண்ட வெங்காயத்தைப் பொறுக்குகிறவர்கள் ஒரு பக்கம், "ஒரு அஞ்சாயிரம் வாங்கிக்கிட்டு விட்டுருங்கம்மா" என்று பஞ்சாயத்துப் பேசுகிறவர்கள் ஒரு பக்கம். நான் அவன் லைசென்ஸ், இன்சூரன்ஸ், நம்பர் பிளேட் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

"இடிச்சவனோட இன்சூரன்ஸ்தானே வாடகைக் கார் கொடுக்கணும்" என்று நீ கேட்டாய். அது உங்கள் டல்லாஸில். இங்கே அவனுடைய இன்சூரன்ஸில் நம் வண்டிச் சேதத்தைக் கேட்க வேண்டுமென்றால் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். பம்பருக்காக யார் கோர்ட்டுக்கு அலைவார்கள்? எல்லோரும் தங்கள் இன்சூரன்ஸிலேயே கிளெய்ம் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். வண்டி ஒர்க் ஷாப்பில் நிற்கிற நாளுக்கு இவ்வளவு என்று தினப்படி தருகிற கூடுதல் கவர் ஒன்று உண்டு. நாம் அதை எடுக்கவில்லை. தேய்மானம் கழிக்காமல் தருகிற பம்பர் டு பம்பர் கவரையும், பழைய வண்டிக்கு எதற்கு என்று நானும் அப்பாவும் சேர்ந்துதான் விட்டோம். அதனால் தேய்மானம் கழித்தார்கள். அஞ்சு வருஷம் தாண்டிய வண்டிக்குத் தகரத்தில் 40 சதவீதம், பிளாஸ்டிக், ரப்பரில் பாதி. கண்ணாடிக்கு மட்டும் கழிக்கமாட்டார்கள், நமக்குக் கண்ணாடி உடையவே இல்லை! இந்தக் காலத்துக் காரில் பாதி பிளாஸ்டிக்தான் என்பது பில்லைப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது. மொத்தம் 78,400 ரூபாயில் நம் கையை விட்டுப் போனது 27,650. போதாததற்கு, இத்தனை வருஷம் கிளெய்ம் போடாமல் சேர்த்து வைத்திருந்த, பிரீமியத்தில் கழிக்கிற 50 சதவீத போனஸும் போச்சு, அடுத்த வருஷம் சுழியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கணக்குச் சொல்லிவிட்டேன், இதற்குமேல் இதைப் பற்றிக் கேட்காதே.

நான் சொல்ல வந்தது வாடகைக் கார் கதை.

ஒர்க் ஷாப்பில் முதலில் ஏழு நாள் என்றார்கள். இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்த்து, பம்பரைக் கழற்றினால் உள்ளே ஏசி கண்டென்சர் வளைந்திருக்கிறது. அதற்குத் தனி எஸ்டிமேட், மறுபடி ஒப்புதல். ஹெட்லைட் சென்னையிலிருந்து வரவேண்டும். ஆக 19 நாள். அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் பிசியோதெரபி. ஆட்டோவில் குலுங்கினால் முட்டி அன்று ராத்திரி முழுக்கப் பேசும். ஞாயிறானால் சோழவந்தானில் அப்பத்தாவுக்கு மாத்திரை கொண்டுபோக வேண்டும். ஆப்பில் டாக்சி போட்டால் சோழவந்தான் என்றதும் கேன்சல் செய்கிறான். ஒர்க் ஷாப்பில் ஒருவர், "எனக்குத் தெரிஞ்ச வீட்டு வண்டி ஒண்ணு சும்மா நிக்குது, கம்மி ரேட்டுக்குத் தர்றேன்" என்றார். சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டி, எங்கேயாவது இன்னொரு குட்டியானை வந்து மோதினால் இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான். வேண்டாம் என்றுவிட்டு பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு செல்ஃப் டிரைவ் கடைக்குப் போனேன். கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து, முறையான வாடகை வண்டி. வாரத்துக்கு 10,500 ரூபாய், முன்பணம் 5,000. நம் வண்டி மாதிரியே சின்னதாக ஒன்று தருவதாகப் பேச்சு.

மறுநாள் வாசலில் வந்து நின்றது ஒரு டீசல் கப்பல். "நீங்க கேட்ட வண்டி கல்யாண வீட்டுக்குப் போயிருச்சும்மா, இது அதைவிடப் பெரிசு, அதே ரேட்டு" என்று கொண்டுவந்த பையன் எனக்கு ஏதோ வரம் கொடுப்பதுபோலச் சொன்னான். ஒண்ணரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி. உள்ளே ஊதுபத்தியும் ஈரத் துணியும் கலந்த வாசம். இடது பக்கக் கண்ணாடி பட்டனை அமுக்கினால் இறங்கும், ஏறாது. உள்ளங்கையை இரண்டு பக்கமும் வைத்துத் தூக்கிவிட வேண்டும். சாவியை வாங்குவதற்கு முன்னால் வண்டியைச் சுற்றி வந்து வீடியோ எடுத்தேன், கீறல்களை வாய்விட்டு எண்ணிக்கொண்டே. 23. பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும்.

மாற்றித் தரச் சொல்லி இரண்டாம் நாள் போன் செய்தேன். ஆவணி முகூர்த்தம், ஒரு வண்டியும் இல்லை என்றார்கள். சரி, இதோடுதான் குப்பை கொட்ட வேண்டும்.

பெரிய தொல்லை சீட்டுதான். முன்னால் தள்ளுகிற கம்பி உடைந்து, சீட்டு கடைசிப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. என் உயரம் உனக்குத் தெரியும். கிளட்சை முழுக்க அமுக்க வேண்டுமென்றால் நான் படுத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். முதுகுக்கு உன் பழைய தலையணை, அடியில் ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டேன். அப்போதும் ஸ்டீயரிங்குக்கு மேலே என் கண் மட்டும்தான் தெரிந்ததாம். எதிர்வீட்டுப் பிள்ளைகள் "பாட்டி காரு தானா ஓடுது" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தன.

கிளட்ச் கல். மூன்றாம் நாள் பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வேலை, எல்லீஸ் நகர் பாலத்தில் ஏறுகிறேன். பாதி ஏற்றத்தில் நெரிசல் நின்றுவிட்டது. பின்னால் ஒட்டினாற்போல ஒரு பஸ். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி பின்னால் உருளுகிறது. நம் வண்டியில் அரை கிளட்சில் அப்படியே நிறுத்தி வைப்பேன், இதில் அந்த இடம் எங்கே இருக்கிறதென்றே காலுக்குத் தெரியவில்லை. ஒருமுறை ஆஃப் ஆகிவிட்டது. பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அப்பா பக்கத்தில் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார். பேசியிருந்தால் இறக்கிவிட்டிருப்பேன்.

அப்போது டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஞாபகம் வந்தது. 52 வயசில் ரேஸ்கோர்ஸ் ரோட்டில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர். "பயமா இருந்தா காலை நம்பாதீங்க டீச்சர், கையை நம்புங்க" என்பார். (நான் டீச்சர் இல்லை என்று எத்தனை தடவை சொல்லியும் அவருக்கு நான் டீச்சர்தான்.) ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்தேன். முதல் கியர். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்துவிட்டு, கிளட்சை மெதுவாக விட, இன்ஜின் சத்தம் கனத்தது, வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கியது. அந்த நொடியில் ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன். ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாமல் ஏறியது, தம்பி. பாலத்தின் உச்சியில் அப்பா தண்ணீர் பாட்டிலைத் திறந்து முதலில் என்னிடம் நீட்டினார். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அவர் குடிக்காமல் எனக்கு முதலில் கொடுத்த தண்ணீர் அதுவாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு அந்தக் கப்பல் என் சொல்பேச்சுக் கேட்டது என்று சொல்லமாட்டேன், ஆனால் எங்களுக்குள் ஒரு உடன்படிக்கை வந்தது. பின் சீட்டு அகலம் என்பதால் அப்பா காலை நீட்டிப் பின்னால் உட்கார ஆரம்பித்தார். பிசியோதெரபி வாசலில் செக்யூரிட்டி கறுப்பு போர்டைப் பார்த்தார், பின்னால் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்து, "டிரைவரம்மா, சாரை இறக்கிட்டு வண்டியை அங்கிட்டு ஓரமா விடுங்க" என்றார். அப்பா, "ஆமாம்மா, அங்கிட்டு விடு" என்று இறங்கிப் போகிறார்! நீ வைக்கச் சொன்ன டிரைவர் ஏற்கெனவே வேலையில் இருக்கிறாள், சம்பளம்தான் வரவில்லை.

அந்தக் காரை மனசாரப் பாராட்டிய ஒரே ஆள் அப்பத்தா. அந்த ஞாயிறு நாங்கள் போய் இறங்கியதும் வண்டியைச் சுற்றி வந்து, கதவைத் திறக்கச் சொல்லி, பின் சீட்டில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெற்றிலை மடித்தார். "இதுல நல்லா இருக்குத்தா. அந்தச் சேப்பு டப்பாவுல எனக்கு முட்டி இடிக்கும்" என்றார். எட்டு வருஷமாக அந்த டப்பாவில் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் போய் வந்தவர், ஒரு வார்த்தை சொன்னதில்லை. திரும்பும்போது டிக்கியில் இருபது தேங்காய், ஒரு வாழைத்தார், கட்டு வெற்றிலை. டிக்கி பெரிசாக இருக்கிறதே என்று இன்னும் ஒரு தார் வெட்டப் போனவரைப் பிடித்து நிறுத்தினோம்.

இரண்டு வாரம் ஓட்டித் திருப்பிக் கொடுத்தேன். பையன் 24-ஆவது கீறல் ஒன்றைக் கண்டுபிடித்தான். வீடியோவைப் போட்டுக் காட்டினேன், அது என் கணக்கில் பதினேழாவது. முன்பணம் முழுசாக வந்தது. மிச்ச அஞ்சு நாளும் ஆட்டோவில், அப்பாவின் முட்டிக்கு அடியில் அதே தலையணையோடு சமாளித்தோம்.

நம் வண்டியை எடுக்கப் போன அன்று சாயங்கால வெயில். முன் பம்பரின் சிவப்பும் பானெட்டின் சிவப்பும் ஒரு மயிரிழை வேறு மாதிரி தெரிந்தது. பெயிண்டரிடம் கேட்டேன், ஐம்பது வயசுக்காரர். "பிளாஸ்டிக்குல ஒரு மாதிரி நிக்கும், தகரத்துல ஒரு மாதிரி நிக்கும்மா, ஒரே டப்பா பெயிண்ட்டுதான்" என்றார். அப்புறம், "கண்ணை மூடிக்கிட்டுத் தடவிப் பாருங்க" என்றார். நசுங்கிப் பட்டி பார்த்த டிக்கிக் கதவில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை உள்ளங்கையை ஓட்டினேன். எங்கே அடிபட்டது என்று கைக்குத் தெரியவில்லை. 60 டிகிரி சூட்டில் அரைமணி நேரம் வாட்டி எடுத்ததாம். அந்த மனுஷனின் வேலையைப் பார்த்தபிறகு நிறத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

ஏறி உட்கார்ந்தால் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி வைத்திருக்கிறான் எவனோ. கம்பியைத் தூக்கி நாலு பல் முன்னால் இழுத்தேன். டக், டக் என்று வந்தது. கிளட்ச் வெண்ணெய்.

ஆக, வண்டியை விற்கப்போவதில்லை. டிரைவரும் வேண்டாம். உன் பணம் அப்படியே இருக்கிறது, நாளைக்குத் திருப்பிப் போடுகிறேன். கோபித்துக்கொண்டு மறுபடி அனுப்பாதே, பேங்க்காரன் நம்மைப் பார்த்துச் சிரிப்பான். அடுத்த முறை இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது அந்தத் தினப்படிக் கவரை எடுக்கிறேன், பம்பர் டு பம்பர் எட்டு வயசு வண்டிக்குக் கிடைக்குமா என்றும் கேட்கிறேன். உனக்கு அந்தச் சமாதானம் போதும்.

இன்று காலை சிவப்பு வண்டியில் சோழவந்தான் போய் வந்தோம். ஹாரன் சத்தம் கேட்டு அப்பத்தா வாசலுக்கு வந்தார். நம் வண்டியைத் தாண்டித் தெரு முனைவரை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏத்தா, அந்தப் பெரிய காரு எங்க?" என்றார். வாடகைக் கார், திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பேராண்டிகிட்டச் சொல்லி அதையே வாங்கிப்புடச் சொல்லு" என்றார்.

சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அம்மா